சட்டைப் பாக்கெட்டுக்கு ஒரு போன்

கடையில் அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இருந்தேன்.

என் மனைவி இருந்தாள். கையில் துணிக்கடைப் பை.

மகள் இருந்தாள். எங்களோடு வந்தாள், ஆனால் எங்களோடு நிற்கவில்லை. போன் கவர்கள் தொங்கும் கதவோரத்தில் நின்றாள்.

கடைக்கார பாய் இருந்தார்.

ரீசார்ஜ் போட வந்த கப்பல்பட்டறை ஆள் ஒருவர் இருந்தார். தலையில் தொப்பி. எங்களுக்கு முன்னாலேயே வந்தவர். "நீங்க பாருங்கண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்று ஒதுங்கிக்கொண்டார்.

இவ்வளவு பேர்தான். என் மனைவியைக் கேட்டால் இன்னொருவனும் இருந்தான் என்பாள். அவளிடம் நான் மறுத்துப் பேசவில்லை.

கடை சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் இருக்கிறது. பக்கத்தில் பூக்கடை. சனிக்கிழமை மத்தியானம். வெளியே சனம் நெருக்கிக்கொண்டு போனது.

"என்ன போன் பாக்குறீங்கண்ணே?" என்றார் பாய்.

"நல்லதா. பவரா."

"யாருக்கு?"

"என் தம்பிக்கு" என்றாள் மனைவி.

பையைத் திறந்தாள். உள்ளே புதுச் சட்டை. இளநீலம், அரைக்கை. அதிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி பாயின் தட்டில் போட்டாள். காலருக்குள் இருந்த அட்டையை உருவினாள். சட்டையை உதறி, கண்ணாடி மேசை மேல் விரித்தாள். இடது பக்கப் பாக்கெட்டைக் கையால் நீவிவிட்டாள்.

"இந்தப் பாக்கெட்டுக்குள்ள போகணும்" என்றாள்.

கப்பல்பட்டறை ஆள் சிரித்துவிட்டார். "பாய், அப்படியே சட்டைக்கும் ஒரு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக் குடுங்க."

பாயும் சிரித்தார். "கேமரா எப்படின்னு கேப்பாங்க. பேட்டரி நிக்குமான்னு கேப்பாங்க. சட்டைய விரிச்சு அளவு பாக்க வந்தது நீங்கதான்க்கா. தம்பியையே கூட்டிட்டு வந்திருக்கலாமே? கையில பிடிச்சுப் பாத்து வாங்குற சாமான் இது."

"அவன் வரமாட்டான்."

"வேலையா?"

மனைவி பாக்கெட் ஓரத்தை இழுத்துவிட்டாள். பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். "படையலுக்கு, பாய்."

பாயின் கை அப்படியே நின்றது. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டார். அந்த ஆள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

*

அவன் என் மச்சான். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது சின்னப் பிள்ளை. அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. அக்காவோடு அவனும் ஈசூனில் என் வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு வேறு எங்கும் போகவில்லை. அவள்தான் குளிப்பாட்டினாள், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், அடித்தாள். எங்களுக்கு மகள் பிறந்தபோது, "இது ரெண்டாவது" என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். நர்ஸுக்குப் புரியவில்லை.

எல்லாப் பையன்களையும் போல பட்டாளத்துக்குப் போய்வந்தான். பிறகு பார்சல் வேன் ஓட்டினான். பெண் பார்த்தோம். சிரித்தே தட்டிக்கழித்தான்.

வேலை முடிந்து வந்தால் போனில் விளையாட்டு. துப்பாக்கி வைத்துச் சுடுகிற விளையாட்டு. அஞ்சு பேர் ஒரு அணி. மற்ற நாலு பேரை இவன் நேரில் பார்த்ததில்லை. ஒருத்தன் ஜோகூர். மற்றவர்கள் எந்த ஊர் என்று இவனுக்கே தெரியாது. காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் இருந்து கத்துவான்.

"பின்னாடி பாரு! பின்னாடி பாரு!"

என் மனைவி அடுப்படியிலிருந்து கத்துவாள். "நான் குழம்பப் பாக்கவா, பின்னாடி பாக்கவா?"

"உன்னச் சொல்லலக்கா! நீ குழம்பையே பாரு!"

அவன் போன் பழசு. விளையாட ஆரம்பித்தால் கொதிக்கும். தரையில் வைத்து ஆற்றுவான். ஐஸ்பெட்டியிலிருந்து மைலோ டின்னை எடுத்து அதன் மேல் சாய்த்து வைப்பான்.

"அத்தான், இது போன் இல்ல. தோசக்கல்லு."

புதுசு வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எது வாங்கலாம் என்று பார்ப்பதே அவனுக்கு ஒரு வேலை. நான் செம்பவாங் பட்டறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஆறாவதோடு படிப்பை நிறுத்தினவன். எனக்கு அதெல்லாம் தெரியாது. அவன் விடமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து படம் காட்டுவான்.

"சட்டைப் பாக்கெட்டுல ஒரு கம்ப்யூட்டர் அத்தான். உங்க ஃபோர்க்லிஃப்டையே இதுக்குள்ள ஓட்டலாம்."

"நீ முதல்ல வேன ஒழுங்கா ஓட்டு."

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிந்து வெயில் வந்தும் எழுந்திரிக்கவில்லை. அவள் கோப்பி எடுத்துக்கொண்டு போனாள். நான் முன்னறையில் இருந்தேன். கோப்பியை அவள் கீழே போடவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"ஆறிப்போய்க் கிடக்கிறான்ங்க."

இருதயம் என்றார் டாக்டர். அதற்கு மேல் அவருக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வைத்துச் சடங்கு செய்தோம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் அவள் அவன் போனை எடுத்து சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள். காரியம் செய்ய வந்த ஆள் அதைப் பார்த்துவிட்டார். நல்ல மனுஷர். கிட்டே வந்து மெதுவாகப் பேசினார்.

"மன்னிக்கணும்க்கா. பேட்டரி உள்ள போகக்கூடாது. சூட்டுல வெடிச்சிரும்."

அவர் இரண்டு விரலை விட்டு போனை பாக்கெட்டிலிருந்து இழுத்தார். என்னிடம் கொடுத்தார். என் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மண்டாய் தகனச்சாலையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அந்தப் பக்கம் கீழே பெட்டி தானாக நகர்ந்தது. தள்ள ஆள் இல்லை. பாதி தூரம் போயிருக்கும். என் தொடையில் போன் அதிர்ந்தது. நின்றது. திரும்ப அதிர்ந்தது. யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். நான் எடுக்கவில்லை. கதவு திறந்தது. பெட்டி உள்ளே போனது. கதவு மூடின பிறகும் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது.

இப்போதும் தொடையில் அதிரும். பட்டறையில், பஸ்ஸில், எங்கே என்றாலும். கையை விட்டுப் பார்த்தால் வீட்டுச் சாவி.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அதற்கப்புறம்தான் அவளுக்குக் கனவு வர ஆரம்பித்தது.

கனவில் அவன் வீட்டு வாசலுக்கு உட்பக்கம் நிற்கிறான். காலில் செருப்பு. வேலைக்குக் கிளம்புகிற மாதிரி. சட்டைப் பாக்கெட்டைத் தடவுகிறான். கால்சட்டைப் பைகளைத் தடவுகிறான். மறுபடி சட்டைப் பாக்கெட். பிறகு அக்காவைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கனவு.

"வாயத் திறந்து கேட்டாலாவது குடுத்துடலாங்க" என்றாள். "கேக்க மாட்டேங்கிறான். தடவுறான், பாக்குறான்."

விடியுமுன் வரும். எழுந்துபோய் அடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறாள். ஒரு நாள் மீ நூடுல்ஸ் கிண்டுகிற சட்டியைக் கைதவறிப் போட்டுவிட்டாள். கடைக்காரம்மா டாக்சி வைத்து வீட்டுக்கு அனுப்பினார். சாப்பாடு குறைந்தது. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆனது.

கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டாள். காலையில் என்னிடம் மாத்திரைக் கவரைக் கொடுத்தாள்.

"இது வேணாங்க."

"தூக்கம் வரலையா?"

"வந்துச்சு. முழிக்க முடியல. அவன் போக மாட்டேங்கிறான், நானும் முழிக்க முடியல. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே நின்னான்."

அதற்கு மேல் நான் மாத்திரை பற்றிப் பேசவில்லை.

அவன் போனை மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதையே அவன் படத்துக்கு முன்னால் வைத்துவிடலாம் என்று எடுத்தேன். பேட்டரி உப்பிப்போய்க் கிடந்தது. கண்ணாடி ஒரு பக்கம் மேலே தூக்கி நின்றது. இதே பாயிடம்தான் கொண்டுவந்தேன். அவர் அதை எட்ட வைத்துப் பார்த்தார். "வீட்டுல வெச்சுக்காதீங்கண்ணே" என்று வாங்கி ஒதுக்கிவிட்டார். யாருடையது என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

கேன்டீனில் கூட வேலை செய்கிற அம்மா ஒருத்தர் வழி சொன்னார். ஆடி அமாவாசைக்குப் படையல் போடு. என்ன தேடுறானோ அதையும் சேர்த்து வை. எடுத்துக்கிட்டுப் போயிடுவான்.

மனைவி என்னிடம் கேட்டாள். "வைப்போமா?"

"வைப்போம்."

மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "மா, சைனீஸ் கடையில பேப்பர் போன் விக்கிறாங்க. பேப்பர் சார்ஜர் கூட இருக்கு. வாங்கி எரிச்சிடலாம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பக்கத்து புளோக்கில் சீனர்கள் செத்தவர்களுக்காக எரிப்பதைப் பார்த்திருக்கிறாள்.

"பேப்பர்ல அவன் எப்படி விளையாடுவான்?" என்றாள் அம்மா.

எனக்கு ஒன்றுதான் வேண்டும். இவள் தூங்க வேண்டும். பேப்பரோ கண்ணாடியோ, எதை வைத்தால் தூங்குவாளோ அதை வாங்குவது. அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை கடைக்குப் போனோம்.

*

பாய் மூன்று போனைக் கொண்டுவந்து வைத்தார். காட்டுவதற்கென்று பிரித்து வைத்திருந்தவை. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

முதலில் பெரியது. "விளையாடுறவங்களுக்குன்னே செஞ்சது. உள்ள சின்னதா ஃபேன் ஓடும். இதுக்கு மேல பவர் இல்ல."

மனைவி அதைச் சட்டைப் பாக்கெட்டில் விட்டாள். தலை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினாள். ஆள் நிற்கிற மாதிரி நிமிர்த்தினாள். பிறகு முன்னால் குனியவைத்தாள். போன் வழுக்கி வெளியே வந்தது. தரையில் விழுமுன் கப்பல்பட்டறை ஆள் பிடித்துவிட்டார்.

"அவன் நாள் பூரா குனிஞ்சு பார்சல் தூக்குறவன்" என்றாள். "இது நிக்காது."

அடுத்தது மடக்குகிற போன். பாக்கெட்டுக்குள் முழுசாகப் போனது. துணியை இழுத்துக்கொண்டு தொங்கியது.

"திறக்க ரெண்டு கை வேணுமா?"

"ஒரு கையிலயும் திறக்கலாம். ரெண்டு கைன்னா வசதி."

"ஒரு கை வேன் கதவுல இருக்கும். வேணாம்."

கதவோரத்திலிருந்து மகள் மெதுவாகச் சொன்னாள். "மா, அப்படிப் பேசாதீங்க லா."

"எப்படி?"

"குனியுறான், தூக்குறான்னு."

அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமில்லை. அடையாளம் தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது சின்னது. கைக்குள் அடங்கியது. பாய் அதைக் கொடுக்கத் தயங்கினார்.

"இதுக்குள்ள இருக்குற மூளை பெருசுல இருக்குறதேதான்க்கா. உடம்புதான் சின்னது. ஆனா ஒண்ண மறைக்காமச் சொல்லிடணும். சூடாகும். சின்ன உடம்புல பெரிய வேலை, சூடு வெளிய போக வழியில்ல. நிறையப் பேரு அதுக்காகவே வேணாங்கிறாங்க."

பாக்கெட்டில் விட்டாள். சரியாக உட்கார்ந்தது. சட்டையைக் குனியவைத்தாள். விழவில்லை.

"அவன் ஆடுறத இதுல போடுங்க" என்றாள்.

பாய்க்கு எந்த விளையாட்டு என்று தெரியவில்லை. எனக்கும் பெயர் தெரியாது. எல்லாரும் மகளைப் பார்த்தோம். அவளுக்குத் தெரியும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மாமாவோடு அவளும் ஆடுவாள், சண்டை போடுவாள். தை மாதத்துக்குப் பிறகு ஆடவில்லை.

வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடை வைஃபையில் அது இறங்கும் வரைக்கும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆரம்பித்தாள். கட்டைவிரல் இரண்டும் ஓடின. முகம் அசையவில்லை. ஒரு கட்டத்தில் அவள் சட்டென்று தலையைத் திருப்பித் தன் பின்னால் பார்த்தாள். பின்னால் கவர்கள்தான் தொங்கின. நாங்கள் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"அப்படியே குடு. நிறுத்தாத" என்றாள் அம்மா.

ஓடுகிற போனை வாங்கிப் பாக்கெட்டுக்குள் விட்டாள். சட்டையை மேசையில் படுக்கவைத்தாள். கைகளை இரண்டு பக்கமும் நேராக்கினாள். பாக்கெட் மேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

துணிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. யாரோ ஓடுகிறார்கள். சுடுகிறார்கள். வெளியே பூக்கடைக்காரர் எதற்கோ கூவினார். நான் அந்தச் சட்டையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். இந்த மாதிரி ஒரு பாக்கெட்டுக்குள்தான் அந்த மனுஷர் இரண்டு விரலை விட்டார்.

"சூடு வருது" என்றாள் மனைவி.

பாய் சங்கடப்பட்டார். "அதான்க்கா சொன்னேன். வேற ஒரு கம்பெனி இருக்கு, அது இவ்வளவு..."

"ஆறிப்போகாதுல்ல?"

பாய் என்னைப் பார்த்தார்.

"ஆஃப் பண்ணாத வரைக்கும் ஆறாதுக்கா."

"இதையே குடுங்க."

கையை எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது அவளுக்கு.

பாய் உள்ளே போய்ப் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டேன். சொன்னார். கார்டைக் கொடுத்தேன். கவர் ஒன்று இனாமாகத் தருகிறேன் என்றார். "தடிமனாயிடும்" என்று அவள் வாங்கவில்லை.

சட்டையை மடித்துப் பையில் வைக்கும்போது கப்பல்பட்டறை ஆள் முன்னால் வந்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. தெரியாமப் பேசிட்டேன்."

"நீ சிரிச்சது நல்லாத்தான் இருந்துச்சு தம்பி" என்றாள். "அவனும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் ஒரு கிண்டல்."

*

அமாவாசைக்கு லீவு போட்டேன். அவள் காலையிலிருந்து சமைத்தாள். சோறு, சாம்பார், வாழைக்காய் வறுவல், வடை, பாயசம், அப்பளம். ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு மைலோ டின். அவன் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஸ்டூலில் வைத்தோம். சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. சிரித்துக்கொண்டு நேராகப் பார்ப்பான். சந்தனம் நெற்றியில் மட்டும் வைத்தாள். கீழே இலை. இலைக்குப் பக்கத்தில் மணை போட்டு அதன் மேல் சட்டை.

போன் காலையிலிருந்து சார்ஜில் கிடந்தது. மகள் அதைத் திறந்துவைத்தாள்.

"என்ன மொழின்னு கேக்குது."

"தமிழ் போடு" என்றாள் அம்மா.

"வைஃபை கேக்குது."

"படையலுக்கு எதுக்கு அது?"

"சரி, அப்புறம் போட்டுக்கலாம்." மகள் அதைத் தாண்டினாள். சிம் கார்டும் போடவில்லை. ரகசிய நம்பர் ஒன்று கேட்டது, ஏதோ போட்டாள். பிறகு நின்றாள்.

"முகத்தக் காட்டச் சொல்லுது. அதப் பாத்துத்தான் திறக்குமாம். நான் காட்டவா?"

"நீ ஏன்? அவன் போனு" என்றாள் அம்மா.

மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டாள்.

படத்துக்கு நேராகப் பிடித்தேன். போனில் ஒரு வட்டம் வந்தது. வட்டத்துக்குள் அவன் முகம் வந்து உட்கார்ந்தது. கீழே தமிழில் எழுத்து ஓடியது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

"தலையை மெதுவாகத் திருப்பவும்."

வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று தெரிந்தது. போன் காத்திருந்தது. எழுத்து அப்படியே நின்றது.

என் மனைவி ஸ்டூலுக்கு முன்னால் மண்டிபோட்டாள். படச்சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். இடது பக்கம் கொஞ்சம் திருப்பினாள். பிறகு வலது பக்கம். அவசரமில்லாமல். சின்னப் பிள்ளையில் அவனைக் குளிப்பாட்டிக் காது துடைக்கும்போது அப்படித் திருப்புவாள், பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் குத்துவிளக்கின் வெளிச்சம் ஒரு தரம் போய் வந்தது.

வட்டம் பச்சையானது.

முகம் சேர்க்கப்பட்டது என்று எழுத்து வந்தது.

மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாய் ஓடும் சத்தம் கேட்டது. முகம் ஈரமாக வந்தாள். என் காதோரம் குனிந்தாள்.

"போட்டோவச் சேத்துக்கக் கூடாதுப்பா. கண்டுபிடிச்சு வேணாம்னு சொல்லணும். அப்படித்தான் செஞ்சிருப்பாங்க."

"பாய்கிட்டக் கேப்போம்."

"இப்ப இத யாரால திறக்க முடியும் தெரியுமா?"

"உன்கிட்ட நம்பர் இருக்குல்ல?"

அவள் போனை என் கையிலிருந்து வாங்கினாள். வயரைப் பிடுங்கினாள். "நூறு" என்றாள். போனை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தாள். நான் சூடம் காட்டினேன்.

படையல் போட்டால் ஆள் பக்கத்தில் நிற்கக்கூடாது. இருந்தால் அவர்கள் வரமாட்டார்கள். எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான்.

மூன்று பேரும் காரிடாரில் நின்றோம். மகள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவள் அம்மா கதவுப் பக்கம் காதை வைக்கவில்லை, ஆனால் தலை அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கத்தின. உள்ளே ஃபேன் ஓடுவது மட்டும் எனக்குக் கேட்டது.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா மார்க்கெட் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று பேரும் வெறுங்காலோடு வெளியே நிற்பதைப் பார்த்துவிட்டு, சாவியை உள்ளே விட்டுவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல மாக்சிக்" என்றாள் என் மனைவி. பிறகு மலாயில் சொன்னாள். "உள்ள ஆள் சாப்பிடுது."

அந்த அம்மா எங்கள் கதவைப் பார்த்தார். தலையை ஆட்டினார். வண்டிச் சக்கரம் சத்தம் போடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

மகள் கேட்டாள். "எவ்வளவு நேரம்மா?"

"அவன் மெதுவாத்தான் சாப்பிடுவான்."

அதற்கப்புறம் அவளாகவே கதவைத் தட்டினாள். மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து நான் சாவியைப் போட்டேன்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலை வைத்தது வைத்தபடி இருந்தது. பாயசத்து ஓரம் ஒரு எறும்பு. சட்டை மணை மேல் கிடந்தது. நான் வேறொன்றும் பார்க்கவில்லை.

அவள் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவன் இலையிலிருந்தே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். வடையைப் பிட்டு மகளுக்குக் கொடுத்தாள். மகள் வாங்கித் தின்றாள். "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள் என்னிடம். அவள் வாயால் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுப் பல மாதம் ஆயிற்று. ஊற்றினேன்.

கையைக் கழுவிவிட்டு வந்தாள். சட்டைக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்தாள். கையை மடித்துத் தலைக்கு வைத்தாள். கண்ணை மூடினாள்.

நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். மூச்சு நீளமானது. கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் அவள் கால் வரைக்கும் வந்திருந்தது. மகள் தலையணை எடுக்கப் போனாள். வேண்டாம் என்று கை காட்டினேன். முழித்துவிடுவாள்.

இலையை மடித்தேன். பாத்திரங்களைச் சத்தமில்லாமல் உள்ளே கொண்டுபோனோம். திரும்பி வந்தபோது மகள் சட்டைப் பக்கம் குனிந்தாள். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே குனிந்த நிலையில் நின்றாள்.

"அப்பா." கிசுகிசுத்தாள். "வைஃபை போட்டீங்களா?"

"எனக்கு எங்க அதெல்லாம் தெரியும்?"

"சிம்மும் இல்ல."

"என்னம்மா?"

"நூறு வெச்சிட்டுத்தான போனோம்?"

"நீதான பாத்துச் சொன்ன."

அவள் போனை என் பக்கம் திருப்பினாள். மூலையில் இருந்த பேட்டரி நம்பரை நானே வாசித்தேன்.

எண்பத்தொன்பது.